மூன்று ஆகட்டுங்க

'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். ஒன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை.

அவர் கட்டட கான்ட்ராக்டர். வீடு கட்டமாட்டார், குடோன், ஷெட், சின்னச் சின்ன ஃபேக்டரி, இவைதான். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே இரும்பைக் கடையும் சத்தத்தில் போனில் பேசுவதற்குள் தொண்டை கட்டிவிடும். நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, துடியலூரிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து, அவருடைய காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ், அக்ரிமென்ட், மெயில் எல்லாம் என் பொறுப்பு. அவர் எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் மெயிலை நான் தமிழில் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

கேட்டுக்கொண்டு, "ஆகட்டுங் அம்மணி" என்பார். அதில்தான் இருக்கிறது அத்தனை கதையும்.

அவரிடம் மூன்று ஆகட்டுங்க இருந்தன. சொல்லும்போதே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டால் அது 'சரி'. அந்த வேலை அன்று சாயங்காலத்துக்குள் நடந்துவிடும். "ஆகட்டுங்க, பாக்கலாங்க" என்று வாலை நீட்டினால் அது 'இப்போதைக்கு இல்லை'. அடுத்த மாதம் வந்து கேட்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். முதல் ஆகட்டுங்கவுக்கும் அதற்கும் குரலில் துளி வித்தியாசம் கிடையாது. ஆனால் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்தால், நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது நடக்காது.

கோயம்புத்தூரில் இது யாருக்கும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஒருநாள் ஒரு மில்காரர் வந்து, லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது, நடுத்தூண் ஒன்றை எடுத்துவிட்டுக் கூரை போடுங்கள் என்றார். இவர், "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மில்காரர் அதைப் பார்த்தார். "செரி உடுங்க, தூணு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. காப்பி சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் முகம் வாடவில்லை, தூணும் நின்றது.

எனக்குத்தான் எரிச்சலாக வரும். லோன் வேண்டுமா என்று போன் செய்கிற பெண்களிடம்கூட, "ஆகட்டும் கண்ணு, சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். கேட்காத கிரெடிட் கார்டு மூன்று முறை கூரியரில் வந்தது. மூன்று முறையும் அதைத் திருப்பி அனுப்ப நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்ணா ஆயிரும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எதுத்தாப்பல இருக்கறவங்க மூஞ்சி வாடிப்போயிருமுங் அம்மணி. அதை வேற நாம உக்காந்து பாக்கோணும்."

"போன்ல மூஞ்சி தெரியாதுங்ணா."

"குரல்லயே தெரியுமுங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

வேலை இந்த ஊரோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. பாலக்காட்டுப் பக்கம் ஒன்று, சாம்ராஜ்நகர்ப் பக்கம் ஒன்று, சித்தூர்ப் பக்கம் ஒன்று என்று வெளி மாநில வேலைகள் வர ஆரம்பித்தன. எல்லையைத் தாண்டினால் சிமெண்டும் கம்பியும் அதேதான்; காகிதம் மட்டும் அப்படியே மாறிவிடும். இங்கே எடுத்த லேபர் லைசென்ஸ் அங்கே செல்லாது. இங்கே வாங்கிய பத்திரத்தில் அக்ரிமென்ட் போட்டால் அங்கே மறுபடி முத்திரை கேட்பார்கள். வரிக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பதிவு. வேலையாள் ஒடிசாக்காரன், கான்ட்ராக்டர் கோயம்புத்தூர்க்காரர், கட்டடம் கேரளாவில் என்றால், மூன்று ஊர்க் காகிதமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நான் மாநிலத்துக்கு ஒரு நிறத்தில் ஃபைல் போட்டு வைத்தேன். கேரளாவுக்குப் பச்சை.

அந்த மாநில வேலைக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பெயர் தர வேண்டியிருந்தது. அவர் என் பெயரைத் தரச் சொன்னார். சைட்டு வாசலில் வைத்த போர்டில், அவர் பெயருக்குக் கீழே என் பெயர் மலையாளத்தில் இருந்தது. எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குரூப்பில் போட்டேன். பெருமைதான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

போன இடங்களிலெல்லாம் அவர் தன் சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டார். மலையாளத்தில் 'ஆவட்டே', கன்னடத்தில் 'ஆகலி', தெலுங்கில் 'அலாகே'. குழந்தைக்கு மிட்டாய் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

"பாத்தீங்களா அம்மணி, எல்லா ஊர்லயும் நம்ம வார்த்த இருக்குது."

"வார்த்த இருக்குதுங்ணா. அங்கெல்லாம் அதுக்கு ஒரே அர்த்தம்தான். சரின்னு அர்த்தம்."

"ஆகட்டுங்க, பாக்கலாங்க" என்றார்.

முதல் கூத்து பாலக்காட்டில்தான் நடந்தது. சைட்டுக்கு ஷீட் லோடு வருகிறது. அந்த ஊர்ச் சுமைத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, லாரியிலிருந்து இறக்குவது எங்கள் ஆட்கள்தான் என்றார். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆவட்டே" என்றார். மறுநாள் காலையில் லாரியின் ஒரு பக்கம் சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர், மறுபக்கம் நம் ஆட்கள் பத்துப் பேர். "முதலாளி நேற்றே சம்மதிச்சாரு" என்கிறார் சங்கத்துக்காரர். இவரோ, "நாங் கேட்டுக்கிட்டேன்னுதானுங்க சொன்னேன்" என்கிறார். கடைசியில் சங்கத்து ஆட்களே இறக்கினார்கள். நம் பத்துப் பேரும் மர நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். இவர் இருபத்திரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு எல்லாரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்திருக்கக்கூடாது.

அதே சைட்டில்தான் அது நடந்தது. லோடு ஏற்றுகிற பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம் ஒன்றுக்குக் கான்கிரீட் போட்டிருந்தோம். அந்த நீளத்துக்கு, கான்கிரீட் இறுகும்வரை இருபத்தொரு நாள் அடியில் தாங்கு முட்டு நிற்க வேண்டும். எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிக்கு வெளியூரிலிருந்து பெரிய மெஷின் ஒன்று டிரெய்லரில் வருவதாக இருந்தது. முட்டுகள் வழியை மறித்தன. பதிமூன்றாம் நாளே முட்டைப் பிரித்துவிட முடியுமா என்று மீட்டிங்கில் அவர்களுடைய மேனேஜர் கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் ஆபீசுக்கு வந்து இவர் சொன்னார்: "முட்டப் பிரிக்கச் சொல்றாங் அம்மணி. நல்ல பையன், பாவம். மேல இருக்கறவங்க அவன நெருக்குறாங்க போல. ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

"கண்ணாடி தொடச்சீங்களாங்ணா?" என்றேன்.

"தொடச்சனுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம்.

சனிக்கிழமை மீட்டிங் குறிப்பு மெயிலில் வந்தது. ஆறாவது வரியில், வரும் புதன்கிழமை முட்டுகளைப் பிரிக்கக் கான்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. 'நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தொரு நாளுக்கு முன்னால் முட்டைத் தொடக்கூடாது' என்று இங்கிலீஷில் நறுக்காக டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது அந்த மேனேஜரின் ஞாபகம் வந்தது. லைசென்ஸுக்காக நான் பாலக்காட்டில் அலைந்தபோது எனக்காக ஒரு முழு நாள் கவுண்டரில் வந்து நின்றவர். அவர் மேலதிகாரிகள் நான்கு பேருக்கும் அந்த மெயில் போகும். எல்லார் முன்னாலும் அவர் எழுதியது பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன். டைப் செய்ததை அழித்தேன். திங்கட்கிழமை போனில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்று மட்டும் போட்டு, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான். இங்கிலீஷில் ஒரு ஆகட்டுங்க சொன்னேன்.

திங்கட்கிழமை மேனேஜருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் அவர், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். எந்தக் கண், எத்தனை நாள் ஓய்வு என்றெல்லாம் கேட்டேன். இந்த நேரத்தில் போய் முட்டு, தளம் என்று எப்படிப் பேசுவது? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சித்தூர் ஃபைலில் முழுகிப்போனேன்.

புதன்கிழமை காலை கம்பெனி ஆட்கள் என் மெயிலை நம் மேஸ்திரியிடம் காட்டியிருக்கிறார்கள். "உங்க ஆபீஸ்லயே ஓக்கே சொல்லியாச்சு" என்றார்களாம். அம்மணி பெயர் கீழே இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று மேஸ்திரி முட்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். ஏழாவது முட்டுக் கம்பத்தை எடுக்கும்போது தளத்தின் ஒரு மூலை அப்படியே இறங்கியது. அடியில் முட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற பிரதாப் என்கிற ஒடிசாப் பையன் மாட்டிக்கொண்டான். இருபத்தாறு வயது. உயிர் தப்பியது, வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

மரியாதை ஒருவன் காலை ஒடித்துப்போட்டது. இதை வேறு எப்படிச் சொன்னாலும் அது சப்பைக்கட்டுதான்.

ஆஸ்பத்திரியில் அவர் பிரதாப்பின் கட்டில் பக்கத்தில் நின்றார். பிரதாப்தான் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினான். "மேடம் மெயில் போட்டாங்கனு மேஸ்திரி சொன்னான். அதான் எடுத்தோம் அண்ணா."

எனக்கு உயிர் போயிற்று. அந்த மெயிலைப் பற்றி அதுவரை நான் அவரிடம் மூச்சு விடவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பையனின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "ஆகட்டும் சாமி, தூங்கு" என்றார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் காரில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாலக்காட்டில் விசாரணை வைத்தார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வேலை நடந்த மண்ணின் சட்டம்தான். யார் மேல் வழக்குப் போடுவது என்பது அந்த விசாரணையில் முடிவாகும். அங்கேயே ஒரு வக்கீலைப் பிடித்திருந்தோம். காலையில், காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி வக்கீல் என்னை அனுப்பினார். எடுத்துக்கொண்டு திரும்பினால், டீக்கடை பெஞ்சில் எனக்கு முதுகு காட்டி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேரளாவில பொறுப்பாளர் அந்தப் பெண்ணாக்கும். காகிதத்தில அவங்க பேர்தான் இருக்கு. மெயில் போட்டதும் அவங்க. எனக்குத் தெரியாம அனுப்பிட்டாங்கனு மட்டும் சொல்லுங்க. நீங்க தப்பிச்சாச்சு, லைசென்ஸும் போகாது. பெண்ணாச்சே, பெரிசா ஒண்ணும் செய்யமாட்டாங்க."

"ஆகட்டுங்க" என்றார் அவர்.

எந்த ஆகட்டுங்க? எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகும் பின்னந்தலையும்தான். எழுந்திருக்கவில்லை, சரி, முதலாவது இல்லை. வால் நீளவில்லை, இரண்டாவதும் இல்லை. ஆனால் வக்கீல் அவர் தோளில் கை வைத்து உட்கார்த்தியிருந்தார், எழ நினைத்தாலும் எழ முடியாது. கண்ணாடியைக் கழற்றினாரா? கை முன்னால் இருந்தது. ஐந்து வருஷமாக அவரை எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். போலீஸ் கேஸ் என்றால் அம்மா தாங்குவாளா என்று ஜெராக்ஸ் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது பிரதாப்பின் கால் என் ஞாபகத்தில் இல்லை.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகத் தெரிந்தது. என் மெயிலின் பிரிண்ட்டை மேஜையில் வைத்து, "இது யார் அனுப்பியது?" என்றார்.

வக்கீல் இவரைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தப் புள்ள டைப் பண்ணுச்சுங்க. நாஞ்சொல்லித்தானுங்க பண்ணுச்சு" என்றார் அவர்.

நிமிர்ந்தேன். கண்ணாடி அவர் கையில் இருந்தது. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. அதிகாரி விடவில்லை. "இதில் என்ன எழுதியிருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?"

"ஆகட்டுங்கன்னு எழுதியிருக்குதுங்க."

"அப்படியானால் ஒப்புக்கொண்டீர்கள்?"

"இல்லீங்க. எங்கூர்ல அது கேட்டுக்கிட்டேன்னு அர்த்தமுங்க." கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். "ஆனா அது அவுங்களுக்கு எப்படித் தெரியுங்க? இத்தன ஊர் போறவன் நாந்தானுங்களே தெரிஞ்சு வெச்சிருக்கோணும்? முடியாதுன்னு சொல்லியிருக்கோணுமுங்க. அந்த மேனேஜர் பையன் மூஞ்சி வாடுமேன்னு சொல்லாம வந்துட்டேன். இப்ப இன்னொரு பையன் காலு போயிருச்சு. தப்பு என்னோடதுதானுங்க. எழுதிக்குங்க."

அவர் வாயிலிருந்து 'முடியாது' வந்த ஒரே தடவை அதுதான். அதிகாரி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் எழுந்து நின்று, இல்லை மேடம், இவருக்குத் தெரியாது, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. அதை எழுதுவதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

கேரளாவில் அவர் லைசென்ஸ் போயிற்று. வழக்கு அவர் பெயரில் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, உக்கடத்தில் பஸ் ஏறிப் போய் வந்தார், நான்கு வருஷம். கோர்ட் வாசலில் அந்த மேனேஜரைப் பார்த்தால், "அம்மாவுக்குக் கண்ணு இப்பத் தேவலீங்களா?" என்று கேட்பாராம். பிரதாப் ஊருக்குப் போகவில்லை. கணபதியில் எங்கள் யார்டில் சாமான் கணக்குப் பார்த்துக்கொண்டான். என்னைப் பார்த்தால் அந்தக் காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்று, "மேடம்" என்பான். உட்காரடா என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டான்.

விசாரணை முடிந்த மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இரவெல்லாம் தூங்காமல் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். தமிழில், ஒளிவுமறைவில்லாமல். மெயிலை உங்களைக் கேட்காமல் அனுப்பியது நான். அதிகாரிக்கும் இதையே எழுதி அனுப்பப் போகிறேன். இன்றோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். அவ்வளவுதான் கடிதம்.

அவர் மேஜையில் வைத்தேன். எழுத்தெழுத்தாக, உதடு அசையப் படித்தார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. படித்து முடித்துக் கடிதத்தை நான்காக மடித்து மேஜையில் வைத்தார்.

"ஆகட்டுங் அம்மணி" என்றார்.

கேட்டது நான்தான். சரி, நியாயம்தானே என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். வாரேனுங்ணா என்று சொல்வதற்காகத் திரும்பினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.